ஆமிஷ் ஹீட்டர் விளம்பரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆமிஷ் ஹீட்டர் என்று சொல்வது எதை?

2008, 2009 குளிர்காலங்களில் அமெரிக்க நாளிதழ்களிலும் ஞாயிறு இணைப்புகளிலும் முழுப்பக்க விளம்பரம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரிலிருந்து இயங்கிய ஹீட் சர்ஜ் என்ற நிறுவனம் கொடுத்த விளம்பரம் அது. தலைப்பின் சாரம்: ஆமிஷ்காரர் ஒருவரின் அதிசய யோசனையால் வீட்டைச் சூடாக்கும் செலவு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. படத்தில், மீசை மழித்துத் தாடி வளர்த்த ஆண்கள் தச்சுப் பட்டறையில் மரச்சட்டங்களை இழைத்துக்கொண்டிருப்பார்கள். குதிரை வண்டியும் இருக்கும். விற்கப்பட்ட பொருளின் பெயர் ரோல் அண்ட் க்ளோ. பார்ப்பதற்குக் கணப்பு அடுப்பு மாதிரி இருக்கும், சக்கரம் வைத்த ஒரு மின்சார ஹீட்டர்.

'ஆமிஷ் ஹீட்டர்' என்பது பிறகு ஒரு வகைப் பெயராகவே ஆகிவிட்டது. மரப்பெட்டிக்குள் வைத்து, 'ஆமிஷ் தச்சர்கள் கையால் செய்தது' என்று சொல்லி விற்கப்படும் எந்த ஹீட்டரையும் இன்று மக்கள் ஆமிஷ் ஹீட்டர் என்கிறார்கள். இங்கே சொல்வது அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஆமிஷ் மக்கள் யார்? விளம்பரக்காரர்களுக்கு அவர்கள் ஏன் தேவைப்படுகிறார்கள்?

வயது வந்த பிறகே ஞானஸ்நானம் என்று நம்பும் ஐரோப்பாவின் அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களிடமிருந்து 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் பிரிந்த பிரிவினர். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். இன்று பென்சில்வேனியாவின் லேங்கஸ்டர், ஒஹாயோவின் ஹோம்ஸ் மாவட்டங்களிலும் வட இண்டியானாவிலும் அதிகம் வாழ்கிறார்கள். வீட்டில் பென்சில்வேனியா டச்சு என்னும் ஜெர்மானியக் கிளைமொழி பேசுகிறார்கள். எளிய உடை, குதிரை வண்டி, சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை, வீட்டுக்குக் கம்பி வழி மின்சாரம் எடுப்பதில்லை. ஒவ்வொரு சபைக்கும் 'ஓர்ட்னுங்' என்று ஒரு ஒழுங்குமுறை உண்டு. எது கூடும், எது கூடாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சராசரி அமெரிக்கருக்கு 'ஆமிஷ்' என்றதும் மூன்று எண்ணங்கள் வரும்: நேர்மை, கைவேலை, சிக்கனம். விளம்பரத்துக்கு அந்த மூன்றும் வேண்டும். சந்தேகப்பட்டு எண்களைப் பார்க்கிறவர்கூட ஆமிஷ் தாடியைப் பார்த்ததும் கொஞ்சம் இளகிவிடுவார். சிக்கனத்துக்குப் பேர்போன மக்களின் படத்தை மாட்டிவிட்டு, சிக்கனம் தராத ஒரு பொருளை அதன் கீழே வைப்பதுதான் இந்த விளம்பரங்களின் அடிப்படைக் குறை. மற்றவை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மின்சாரமே எடுக்காதவர்கள் மின்சார ஹீட்டர் செய்கிறார்களா?

ஹீட்டரை அவர்கள் செய்வதில்லை. விளம்பரத்தை வரி வரியாகப் படித்தால் அதுவே இதை ஒப்புக்கொள்ளும். வெப்பம் தரும் பகுதி 'சீனக் கடற்கரையிலிருந்து வந்த பொறியியல் மேதைமை' என்றும், அது எவ்வளவு முன்னேறியது என்றால் சாதாரணச் சுவர் பிளக்கில் செருகினாலே போதும் என்றும் எழுதியிருந்தார்கள். நேராகச் சொன்னால், சீனாவில் தயாரான, பிளக்கில் செருகும் ஹீட்டர். எல்லா ஹீட்டரும் பிளக்கில் செருகுவதுதான். ஆமிஷ் தச்சர்களின் பங்கு என்று சொல்லப்பட்டது அதைச் சுற்றியிருக்கும் மரச்சட்டம் மட்டுமே. இதை மேன்டில் என்பார்கள்.

ஆமிஷ் வீடுகள் எப்படிச் சூடாகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் இடைவெளி புரியும். பெரும்பாலும் சமையலறையிலோ கூடத்திலோ ஒரு விறகு அல்லது நிலக்கரி அடுப்பு இருக்கும். சில வீடுகளில் புரோபேன் அல்லது இயற்கை எரிவாயு. படுக்கையறைகள் குளிர்ந்தே கிடக்கும். இரவில் தடித்த ஒட்டுப்போர்வைதான் துணை. மின்சாரம் முழுக்க விலக்கு என்றும் எண்ணிவிட வேண்டாம். பேட்டரி விளக்கு, சோலார் பலகை, டீசல் ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பல சபைகள் அனுமதிக்கின்றன. ஆனால் 1,500 வாட்டைப் பேட்டரியில் மணிக்கணக்காக ஓட்ட யாரும் நினைக்க மாட்டார்கள். எனவே, விளம்பரத்தில் வரும் அந்தக் கணப்பு அதே படத்தில் வரும் மனிதரின் வீட்டில் வேலை செய்ய வாய்ப்பே இல்லை.

படத்தில் இருப்பவர்கள் நிஜ ஆமிஷா?

ஒரு படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட வலுவான காரணம் இருக்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வரும், எந்த உருவத்தையும் உண்டாக்கக் கூடாது என்ற கட்டளையை ஆமிஷ் மக்கள் புகைப்படத்துக்கும் பொருத்துகிறார்கள். அதைவிட முக்கியம், படத்துக்கு முகம் காட்டி நிற்பதை அவர்கள் 'ஹோக்முட்' என்கிறார்கள். அகந்தை என்று பொருள். அதற்கு எதிரானது 'டெமுட்', தாழ்மை. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கேமராவை நேராகப் பார்த்து, வணிக விளம்பரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்பது சபை ஒழுங்குக்கு வெளியே போகும் செயல். எந்த விளம்பரத்திலாவது தாடிக்காரர் பொருளைக் கையில் தூக்கிப் பிடித்துக் கேமராவுக்குக் காட்டினால், அதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஆமிஷ்' என்ற சொல்லுக்கு வணிக முத்திரைக் காவலும் இல்லை. வெண்ணெய், ஊறுகாய், நாற்காலி என எதன் மேலும் ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன் யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

'ஹீட்டர் இலவசம், மேன்டிலுக்கு மட்டும் பணம்' என்றார்களே?

அப்போது மேன்டிலின் விலை 298 டாலர், அனுப்பும் செலவு தனி. மேன்டில் இல்லாமல் இலவச ஹீட்டர் வராது. எனவே அது 298 டாலர் விலையுள்ள ஒரு ஹீட்டர். அதே 1,500 வாட் தரும் சாதாரண ஃபேன் ஹீட்டர் மருந்துக்கடையிலும் வன்பொருள் கடையிலும் 30, 40 டாலருக்குக் கிடைத்தது. மிச்சப் பணம் மரத்துக்கும், ஒளிரும் சுடர்க் காட்சிக்கும், முழுப்பக்க விளம்பரத்துக்கும் போகிறது.

'இலவசம்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம் 1971இலேயே ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. ஒன்றை வாங்கினால் இன்னொன்று இலவசம் என்றால், வாங்கும் பொருளின் விலையை அதற்காக ஏற்றக் கூடாது. நிபந்தனைகளை முதலிலேயே, தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரே இலவசச் சலுகையை ஒரு பகுதியில் 12 மாதத்தில் 6 மாதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வருடம் முழுக்க ஒரு பொருள் இலவசம் என்றால், அது அந்தப் பொருளின் வழக்கமான விலையில் அடங்கியது என்றே பொருள்.

48 மணி நேரக் கெடு, ஒரு வீட்டுக்கு இரண்டு மட்டும் என்பவை அவசரத்தை மூட்டுவதற்கு. கெடு முடிந்த அடுத்த வாரம் அதே பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள்.

சுடர் நிஜம் போலவே இருக்கிறதே, அது எப்படி வேலை செய்கிறது?

பெட்டியின் கீழே ஒன்றிரண்டு பல்புகள். பின்னால் ஒரு மெல்லிய தண்டு, அதில் வெள்ளி நிறத் தகட்டுத் துண்டுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகியிருக்கும். சின்ன மோட்டார் ஒன்று தண்டை மெதுவாகச் சுழற்றும். பல்பின் ஒளி தகடுகளில் பட்டுத் தெறித்து, பாதி ஒளி ஊடுருவும் திரையில் விழும்போது சுடர் ஆடுவதுபோல் தெரியும். முன்னால் பிளாஸ்டிக் விறகுக்கட்டை. இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. சூடு மேலே அல்லது கீழே ஒளிந்திருக்கும் கம்பிச்சுருளிலிருந்து ஃபேன் வழியாக வருகிறது. அதனால்தான் சுடரை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ள முடிகிறது.

பழுது வருவதும் இந்த இரண்டு இடத்தில்தான். தண்டின் மோட்டார் தேய்ந்தால் கிறீச் என்று சத்தம் வரும், சுடர் உறைந்துபோய் நிற்கும். கம்பிச்சுருளில் தூசி படிந்து காற்றுவழி அடைத்தால், உள்ளே இருக்கும் வெப்பத் துண்டிப்பான் ஹீட்டரை நிறுத்திவிடும். பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, வலைத்தட்டியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள்.

5,119 பி.டி.யு. என்று பெருமையாகப் போட்டிருந்தார்களே, அது அதிகமா?

பி.டி.யு. என்பது அமெரிக்காவில் வெப்பத்தை அளக்கும் அலகு. ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 3.412 பி.டி.யு. வெப்பம். 1,500 வாட்டை அதால் பெருக்கினால் 5,118 வருகிறது. கடையில் கிடைக்கும் எந்த 1,500 வாட் ஹீட்டரும் இதே அளவைத்தான் தரும், முப்பது டாலர் ஹீட்டரும் உட்பட. மரம் சூட்டைக் கூட்டாது, தச்சரின் மதமும் கூட்டாது.

ஒப்பிட்டுப் பார்க்க: ஒரு நடுத்தர வீட்டின் எரிவாயு உலை மணிக்கு 60,000 முதல் 1,00,000 பி.டி.யு. வரை தரும். ஒரு சதுர அடிக்குப் பத்து வாட் என்பது பொதுவான கணக்கு. ஆக 1,500 வாட் சுமார் 150 சதுர அடி அறைக்குப் போதும். அவ்வளவுதான்.

1,500 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட், சாதாரண சர்க்யூட் 15 ஆம்பியர். 1,500 வாட் என்றால் 12.5 ஆம்பியர். இதற்கு மேல் அதிகம் போனால் பிரேக்கர் விழக்கூடும் என்பதால், பிளக்கில் செருகும் ஹீட்டர்கள் எல்லாம் இங்கேயே நின்றுவிடுகின்றன. மின்சாரத்தை நேராக வெப்பமாக்கும் எந்த ஹீட்டராலும் அந்த பிளக்கிலிருந்து இதைவிட அதிகமாகச் சூடு எடுக்க முடியாது.

இன்ஃப்ராரெட், குவார்ட்ஸ் என்றால் மின்சாரம் குறையும் என்கிறார்களே?

குறையாது. கம்பிச்சுருள், பீங்கான், குவார்ட்ஸ் குழாய், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஆகிய நான்குமே உள்ளே போகும் மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாற்றுகின்றன. நூற்றுக்கு நூறு திறன் என்று எழுதியிருந்தால் அது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் அது உண்மை. வேறுபாடு சூடு வந்து சேரும் விதத்தில்தான். இன்ஃப்ராரெட் எதிரில் உட்கார்ந்திருப்பவரை நேராகச் சூடாக்கும், எனவே காற்று குளிராக இருந்தாலும் உடம்புக்கு இதமாகத் தெரியும். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது உதவும். அறை முழுவதற்கும் என்றால் வித்தியாசம் ஒன்றுமில்லை.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டைவிட அதிக வெப்பம் தருவது ஹீட் பம்ப் ஒன்றுதான். அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து உள்ளே எடுத்து வருகிறது. குளிரைப் பொறுத்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கிடைக்கும்.

'காபி மேக்கரைவிடக் குறைவான மின்சாரம்' என்ற வரி பொய்யா?

வாட்டை வாட்டோடு ஒப்பிட்டால், குறைந்த நிலையில் வைத்த ஹீட்டருக்கு அது பொருந்தலாம். காபி மேக்கர் ஓடும்போது 900 முதல் 1,200 வாட் எடுக்கும். பாதி நிலையில் ஹீட்டர் 750 வாட் அளவில் இருக்கும். ஆனால் காபி மேக்கர் பத்து நிமிடம் ஓடும், ஹீட்டர் மாலை முழுக்க ஓடும். ஏமாற்று அந்த நேரத்தில் இருக்கிறது. 1,000 வாட் காபி மேக்கர் பத்து நிமிடத்தில் எடுப்பது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. 750 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரத்தில் எடுப்பது 6 யூனிட். முப்பத்தாறு மடங்கு.

பணத்தில்: யூனிட் 12 சென்ட் என்று வைத்தால், பாதி நிலையில் மணிக்கு 9 சென்ட், முழு நிலையில் 18 சென்ட். விளம்பரங்கள் முதல் எண்ணையே சொல்லும். தினம் எட்டு மணி நேரம், முழு நிலையில், முப்பது நாள் என்றால் 360 யூனிட், அதாவது 43 டாலர் 20 சென்ட். 2008இல் அமெரிக்க வீட்டு மின்கட்டணம் சராசரியாக யூனிட்டுக்குச் சுமார் 11 சென்ட். இப்போது 16 சென்ட்டைத் தாண்டிவிட்டது. 17 சென்ட் என்றால் அதே ஓட்டத்துக்கு 61 டாலர் 20 சென்ட். இது ஏற்கெனவே வரும் கரண்ட் பில்லுக்கு மேலே.

அப்படியானால் செலவு குறையவே குறையாதா?

குறையலாம். ஆனால் குறைப்பது ஹீட்டர் அல்ல. வீட்டின் பெரிய தெர்மோஸ்டாட்டை, அதாவது மொத்த வீட்டின் சூட்டை நிர்ணயிக்கும் கருவியை, கீழே இறக்கினால்தான் குறையும். விளம்பரத்தின் சின்ன எழுத்தில் இது இருக்கும்: 'தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, இருக்கும் அறைக்கு மட்டும் சூடு கொண்டுபோங்கள்'. அப்படி இறக்கினால் எவ்வளவு மிச்சம் என்பது உங்கள் வீடு எந்த எரிபொருளில் சூடாகிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

வீட்டுக்குள் வந்து சேரும் 1,00,000 பி.டி.யு. வெப்பத்துக்கு என்ன செலவு என்று பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சார ஹீட்டர்: 1,00,000 பி.டி.யு. என்பது 29.3 யூனிட். 12 சென்ட் வீதம் 3 டாலர் 52 சென்ட்.

இயற்கை எரிவாயு: ஒரு தெர்ம் என்பது 1,00,000 பி.டி.யு. தெர்ம் 1 டாலர் 25 சென்ட், உலையின் திறன் 90 சதவீதம் என்றால் 1 டாலர் 39 சென்ட்.

வீட்டு எண்ணெய்: ஒரு கேலனில் 1,38,500 பி.டி.யு. கேலன் 3.50 டாலர், திறன் 85 சதவீதம் என்றால் 2 டாலர் 97 சென்ட்.

புரோபேன்: ஒரு கேலனில் சுமார் 91,500 பி.டி.யு. கேலன் 2.80 டாலர், திறன் 90 சதவீதம் என்றால் 3 டாலர் 40 சென்ட்.

ஹீட் பம்ப், இரண்டரை மடங்கு தரும் நிலையில்: 1 டாலர் 41 சென்ட்.

எரிவாயு வீட்டில் மின் ஹீட்டரின் ஒவ்வொரு பி.டி.யு.வும் இரண்டரை மடங்கு விலை. மாதம் 100 டாலர் எரிவாயு பில் வரும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் எட்டு மணி நேரம் ஹீட்டர் ஓட்டினால் மின்சாரத்துக்கு 43 டாலர். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவே எரிவாயு பில் 43 சதவீதம் குறைய வேண்டும். நாள் முழுக்க ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் இறக்கினால் தோராயமாக 3 சதவீதம் மிச்சம் என்பது நடைமுறைக் கணக்கு. ஆக, 70 டிகிரியில் இருந்த வீட்டைப் பகலும் இரவும் 56 டிகிரியில் வைக்க வேண்டும். செல்சியஸில் 13. குழாய் உறையாமலிருக்க 55க்குக் கீழே போகாதீர்கள் என்று சொல்வார்கள், அதன் வாசலுக்கே வந்துவிட்டோம். இவ்வளவு குளிரைப் பொறுத்தும் கையில் மிஞ்சுவது பூஜ்யம். ஹீட்டர் வாங்கிய 298 டாலர் இன்னும் கணக்கில் வரவில்லை.

புரோபேன், எண்ணெய் வீடுகளில் நிலைமை வேறு. விலை கிட்டத்தட்டச் சமம் என்பதால், தெர்மோஸ்டாட்டை எட்டுப் பத்து டிகிரி இறக்கி, ஒரே அறையில் இருப்பவர்களுக்கு உண்மையிலேயே மிச்சம் வரும். தனியாக வாழும் முதியவர்களுக்கு இது பொருந்தும். அதற்கும் முப்பது டாலர் ஹீட்டர் போதும்.

அடுக்ககங்களில் சுவரடி மின் ஹீட்டர், அதாவது பேஸ்போர்டு, இருப்பவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வட அமெரிக்காவில் வாடகைக்கு இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் இதுதான். உங்களிடம் இருப்பதும் மின்சாரத்தை நேராக வெப்பமாக்கும் அதே வகை ஹீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட்டோடு. ஆளில்லாத அறைகளில் அதைக் குறைத்து வையுங்கள். விளம்பரம் சொல்லும் மிச்சம் முழுவதும், எதையும் வாங்காமலே கிடைத்துவிடும்.

என் வீட்டு ஹீட்டர் எவ்வளவு எடுக்கிறது என்று எப்படி அளப்பது?

பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் வாட் மீட்டர் 20, 30 டாலருக்குக் கிடைக்கும். பல பொது நூலகங்கள் இரவலாகவும் தருகின்றன. 15 ஆம்பியர் தாங்கும் மீட்டரா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் மீட்டரைச் சுவரில் செருகி, ஹீட்டரை அதில் செருகுங்கள். சுடர் மட்டும், பாதி நிலை, முழு நிலை என்று மூன்றிலும் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மீட்டரை யூனிட் கணக்குக்கு மாற்றி, பூஜ்யமாக்கி, வழக்கம்போல் ஒரு முழு நாள் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால், வாட்டை மணியால் பெருக்கி வரும் எண்ணைவிட இது துல்லியம். கடைசியில் யூனிட் விலை: பில்லில் 'மின்சார விலை' என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணை எடுக்காதீர்கள். விநியோகக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுங்கள். மாதா மாதம் மாறாத நிலைக்கட்டணம் இருந்தால் அதைக் கழித்துவிட்டு வகுங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். விநியோகக் கட்டணம் பல மாநிலங்களில் பில்லில் பாதிக்கு வரும்.

பிறகு, ஹீட்டர் வாங்குவதற்கு முந்தைய குளிர்காலப் பில்லோடு ஒப்பிட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்திருக்கலாம். பல பில்களில் அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை அச்சிட்டிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

விளம்பரம் செய்தி மாதிரியே இருந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்ற சொல் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். பிறகு கட்டுரையில் மறுத்துப் பேசும் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். நிருபர் எழுதிய செய்தியில் இருப்பார், இதில் இருக்க மாட்டார். மேற்கோள் எல்லாம் விற்பவரின் ஊழியர் வாயிலிருந்தே வரும். 'தொலைபேசி மையம் திணறுகிறது' என்பது போன்ற வரி இருக்கும். கடைசியில் இலவசத் தொலைபேசி எண்.

செய்தி வேடம் போட்ட விளம்பரங்களைப் பற்றி எஃப்.டி.சி. 2015இல் தனிக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. விளம்பரம் என்று வாசகர் உடனே அறிய முடியாதபடி வடிவமைப்பதே ஏமாற்று என்பது அதன் நிலைப்பாடு. அடிப்படைச் சட்டம் 1914ஆம் ஆண்டின் எஃப்.டி.சி. சட்டம், 5ஆம் பிரிவு. அதன் கீழ், 'பாதிச் செலவு மிச்சம்' மாதிரி அளவு சொல்லும் வாக்குறுதிக்கு விளம்பரம் வெளியாவதற்கு முன்பே ஆதாரம் கையில் இருக்க வேண்டும். 2012இல் ஜன்னல் விற்ற ஐந்து நிறுவனங்கள் இப்படி எரிபொருள் மிச்சத்தை மிகைப்படுத்தியதற்காக எஃப்.டி.சி.யிடம் சமரசத்துக்கு வர வேண்டியிருந்தது.

மரவேலை உண்மையில் ஆமிஷ் வேலையா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஹோம்ஸ் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஆமிஷ் தச்சுப் பட்டறைகள் இருப்பது உண்மை. நல்ல பொருள் செய்கிறார்கள். மின்கம்பி இல்லாமலும் அங்கே இயந்திரம் ஓடுகிறது. வெளியே ஒரு டீசல் எஞ்சின், அதிலிருந்து அழுத்தக் காற்றும் ஹைட்ராலிக் குழாயும் உள்ளே வரும். மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டார் பொருத்திய ரம்பமும் சாண்டரும் அதில் ஓடும். 'கையால் செய்தது' என்பதை உளி, இழைப்புளியோடு மட்டும் கற்பனை செய்ய வேண்டாம்.

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த ஊர்ப் பட்டறை? என்ன மரம், ஓக்கா, செர்ரியா, மேப்பிளா? முழு மரமா, மேலே ஒட்டிய வெனீரா? அறுத்தது முதல் பாலிஷ் வரை அங்கேயே நடந்ததா, அல்லது வந்த பாகங்களை அங்கே கூட்டினார்களா? உண்மையான பட்டறைக்காரர் இதற்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்வார்.

பொருள் கைக்கு வந்தபின் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் ரேகை ஓரத்தில் திரும்பி, வெட்டுமுகத்தில் வளையமாகத் தெரிந்தால் முழு மரம். ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்தால், அல்லது முகத்தில் இருக்கும் ரேகை ஓரத்தோடு சேராமல் அறுந்து நின்றால் வெனீர். பின்பக்கமும் ஸ்குரூ துளைகளும் பழுப்புத்தூளாக இருந்தால் அழுத்திய மரத்தூள் பலகை.

'அமெரிக்காவில் தயாரானது' என்ற முத்திரைக்கு 2021 முதல் கடுமையான விதி இருக்கிறது: முழுவதும் அல்லது கிட்டத்தட்ட முழுவதும் அங்கே ஆகியிருக்க வேண்டும். சீன ஹீட்டரைச் சுற்றி ஒஹாயோ மரம் வைத்தால் அந்த முத்திரையைப் போட முடியாது. 'ஆமிஷ்' என்ற சொல் அந்த இடத்தை நிரப்ப வருகிறது.

தீ விபத்து பயம் இல்லையா?

சுடர் பொய் என்பதால் ஆபத்தும் பொய் என்று எண்ணாதீர்கள். 12.5 ஆம்பியர் மணிக்கணக்காகப் பாயும் கருவி இது. எக்ஸ்டென்ஷன் வயரிலோ பவர் ஸ்டிரிப்பிலோ ஒருபோதும் செருகாதீர்கள். மெல்லிய வயர் சூடேறி உருகுவது அங்கேதான். அதே சர்க்யூட்டில் வாக்குவம் கிளீனரோ ஹேர் டிரையரோ போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் பிரேக்கரை மாற்றாதீர்கள், ஹீட்டரை வேறு சர்க்யூட்டுக்கு மாற்றுங்கள். முன்பக்கம் மூன்று அடிக்குத் திரை, மெத்தை, காகிதம் எதுவும் கூடாது.

அரை மணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். விரல் வைக்க முடியாத சூடு என்றால் சுவர் சாக்கெட் தளர்ந்திருக்கலாம். சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பெட்டியையும் பேக்கிங்கையும் தூக்கிப்போடாதீர்கள். பணம் திருப்பித் தருவோம் என்ற உத்தரவாதத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் அடங்காது, திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான். எடை அதிகமான பொருள் என்பதால் இது சின்னத் தொகை அல்ல. முதலில் நிபந்தனையைப் படித்து, கடைசி நாள் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தைக் கத்தரித்தோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். தேதி தெரிய வேண்டும்.

மூன்று நாளில் ரத்து செய்யலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த விதி வீடு தேடி வந்து விற்பதற்கானது. தபாலிலோ தொலைபேசியிலோ இணையத்திலோ நீங்களே ஆர்டர் செய்ததற்குப் பொருந்தாது. இவற்றுக்கு வேறொரு விதி உண்டு: சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பொருளை அனுப்ப வேண்டும். தாமதமானால் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்ப வர வேண்டும்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது, கேட்காத இரண்டாவது ஹீட்டருக்கும் பணம் எடுத்தார்கள் என்ற வகைப் புகாரை, அந்தத் தொகை இடம்பெற்ற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்குச் சேரும்படி எழுத்தில் அனுப்புங்கள். பணம் கட்டும் முகவரிக்கு அல்ல, பில் விசாரணைக்கென்று தனியாக அச்சிட்டிருக்கும் முகவரிக்கு. 'சொன்னபடி மிச்சமாகவில்லை' என்பது தரம் பற்றிய புகார், சட்டத்தில் அதன் பாதை வேறு. விற்பவரோடு முதலில் தீர்க்க முயன்றதற்கு எழுத்தாதாரம் கேட்பார்கள். எனவே தொலைபேசியில் பேசினாலும் அன்றே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போட்டுவிடுங்கள்.

எஃப்.டி.சி.யின் இணையதளத்திலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் புகார் பதியுங்கள். எஃப்.டி.சி. தனிநபர் வழக்கைத் தீர்த்துவைக்காது, ஆனால் ஒரே விளம்பரத்தின் மேல் புகார்கள் குவிவதைப் பார்த்துத்தான் அது நடவடிக்கை எடுக்கிறது. அட்டர்னி ஜெனரல் அலுவலகங்கள் பல மாநிலங்களில் சமரசமும் செய்துவைக்கும். புகாரில் விளம்பரத்தின் சொற்களை அப்படியே எழுதி, பக்கத்தில் உங்கள் வாட் மீட்டர் காட்டிய எண்ணையும் பில்லையும் வையுங்கள்.

ஒரே ஒரு அறைக்குத்தான் சூடு வேண்டும். என்ன வாங்கலாம்?

உட்கார்ந்த இடத்தில் மட்டும் என்றால் 200 வாட்டுக்குள் ஓடும் மின்போர்வை அல்லது பாதச்சூட்டுப் பலகை. ஹீட்டரில் ஏழில் ஒரு பங்கு மின்சாரம்கூட ஆகாது. படுக்கையறைக்கு எண்ணெய் ரேடியேட்டர்: சத்தமில்லை, மேற்பரப்பு செக்கச்செவேலென்று சிவக்காது. சூடேற அரை மணி நேரம் ஆகும், அதற்கேற்ப முன்கூட்டிப் போடுங்கள். குளியலறைக்கு, குளியலறைக்கென்றே அனுமதி பெற்றதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். எதை வாங்கினாலும் மின்பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் யு.எல். அல்லது இ.டி.எல். முத்திரை, சாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச், தெர்மோஸ்டாட் ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

சொந்த வீடு, ஆண்டில் நான்கைந்து மாதம் சூடு வேண்டும் என்றால், 298 டாலரை முதலில் கதவிடுக்குப் பட்டைக்கும், ஜன்னல் ஓரத்து இடுக்கை அடைக்கும் கால்க் பசைக்கும், பரணின் இன்சுலேஷனுக்கும் போடுங்கள். காற்றடிக்கும் நாளில் ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகவும் கதவின் அடியிலும் மெதுவாகக் கொண்டுபோனால், புகை எங்கே வளைகிறதோ அங்கேதான் சூடு வெளியே போகிறது.